நஷ்டம் யார் தலையில்: மலாவி, தான்சானியா, கென்யா காட்டும் மூன்று வழிகள்

சிறு விவசாயிக்கு எந்த வகையில் துணை நிற்பது என்ற விவாதம் வழக்கமாக "அரசா, தனியாரா" என்ற கேள்வியாகவே நடத்தப்படுகிறது. ஆப்பிரிக்காவின் கிழக்கில் அடுத்தடுத்து அமைந்த மூன்று நாடுகளின் அனுபவத்தை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கேள்வி அவ்வளவாகப் பயன்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மலாவி அரசு உரத்துக்கும் விதைக்கும் மானியம் கொடுத்தது. தான்சானியா பன்னாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு பெரும் வேளாண் வழித்தடத்தை அறிவித்தது. கென்யா, தேயிலை பயிரிடும் சிறு விவசாயிகளையே தொழிற்சாலைகளின் பங்குதாரர்கள் ஆக்கியது. மூன்றிலும் அரசும் உண்டு, தனியாரும் உண்டு. விலை சரியும்போது அந்த நஷ்டம் யார் கணக்கில் ஏறுகிறது, விளைபொருள் வயலை விட்டு வெளியேறிய பிறகு அதிலிருந்து வரும் லாபம் யாருக்குச் சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் இவை பிரிந்து நிற்கின்றன.

மலாவியில் பெரும்பாலான விவசாயக் குடும்பங்களிடம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலமே இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே பருவமழை; மக்காச்சோளம் விளையாவிட்டால் அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் பானை காலி. 2002இல் பஞ்சம் வந்தது. 2005 அறுவடையும் பொய்த்தபோது ஏறத்தாழ 50 லட்சம் பேர் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றனர். கொடை நாடுகள் பலவும் முகம் சுளித்த நிலையில், அதிபர் பிங்கு வா முத்தாரிகாவின் அரசு 2005-06 பருவத்தில் இடுபொருள் மானியத் திட்டத்தைத் தன் சொந்தப் பணத்தில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பத்துக்கு அடியுரமாகக் கலப்பு உரம் ஒரு மூட்டை, மேலுரமாக யூரியா ஒரு மூட்டை, இரண்டும் 50 கிலோ. அவற்றோடு மேம்பட்ட விதையும் கூப்பன் வழியாகச் சலுகை விலையில் கிடைத்தது. தொடக்கத்தில் உர விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்றது. பின்னாளில் விவசாயி கொடுத்த பங்கு பெயரளவுக்குச் சுருங்கியது.

விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அரசுக் கணக்கின்படி 2005இல் சுமார் 12 லட்சம் டன்னாக இருந்த மக்காச்சோள உற்பத்தி, 2007இல் 30 லட்சம் டன்னைத் தாண்டியது. உணவு உதவி கேட்டு நின்ற நாடு ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதி செய்தது. இந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவ்வளவு தானியம் உண்மையிலேயே கையிருப்பில் இருந்திருந்தால் 2008இல் உள்ளூர்ச் சந்தையில் விலை அப்படி ஏறியிருக்காது என்று பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருக்கிறது. மழையும் அந்த ஆண்டுகளில் கைகொடுத்தது. ஆனாலும் பசி குறைந்தது உண்மை. அதைச் சிறிதாகப் பேசுவது, அந்தப் பசியை அறியாதவர்களுக்குத்தான் எளிது.

செலவுதான் இந்த வழியின் பலவீனம். 2008-09இல் உலகச் சந்தையில் உர விலை ஏறியபோது, மானியம் மட்டுமே தேசிய வரவு செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை விழுங்கியது. அதாவது விலை ஏற்றத்தின் சுமை விவசாயியை விட்டு விலகிக் கருவூலத்தின் மேல் விழுந்தது. கருவூலம் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்துப் பொறுப்பானது என்பதை மறந்துவிட முடியாது. தனியாரின் இடமும் தெளிவாக இல்லை. உரத்தை இறக்குமதி செய்ய ஒப்பந்தப்புள்ளி எடுத்த வணிகர்களுக்கு உறுதியான வருமானம் கிடைத்தது. தனியார் உரக்கடைக்காரர்களோ ஓரிரு பருவம் கூப்பன் வாங்க அனுமதிக்கப்பட்டு, பிறகு அரசு நிறுவனங்களுக்கு வழிவிடும்படி விலக்கப்பட்டனர். ஒரு கிலோ மானிய உரம் வந்தால் விவசாயிகள் கடையில் வாங்கும் உரம் சராசரியாக 0.22 கிலோ குறைகிறது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கடைகள் வளர்வதற்காகத் தரப்பட்ட பணம் என்று சொல்லிக்கொண்டே கடைகளின் வியாபாரத்தில் ஒரு பகுதியை அது தின்றது.

2015 வெள்ளத்தையும் அடுத்து வந்த வறட்சியையும் தாண்டி 2016இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் உணவு உதவிக்கு நின்றனர். யூரியா மூட்டை மழையைக் கொண்டுவராது. மூட்டை உரத்தை மட்டும் ஆண்டுதோறும் கொட்டிய, அங்ககப் பொருள் வற்றிய மண்ணில் அதன் பலனும் தேய்ந்துகொண்டே போகும். 2020இல் அதிபர் லாசரஸ் சக்வேராவின் ஆட்சி திட்டத்தைப் பெயர் மாற்றி இன்னும் பல லட்சம் குடும்பங்களுக்கு விரித்தது. இரண்டே ஆண்டில், உரம் வாங்குவதற்கென்று பிரிட்டனில் உள்ள ஓர் இறைச்சி வணிக நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பிய விவகாரத்தில் வேளாண் அமைச்சர் பதவி இழந்தார். கொள்முதல் ஓரிடத்தில் குவியும் எந்தத் திட்டத்திலும் இந்த ஆபத்து உள்ளுறைந்தே இருக்கும்.

தான்சானியா இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது. 2009இல் "கிலிமோ குவான்சா", அதாவது "வேளாண்மையே முதலில்" என்ற முழக்கம்; 2010இல் தாருஸ்ஸலாமில் கூடிய உலகப் பொருளாதார மன்றத்தின் ஆப்பிரிக்க மாநாட்டில் தெற்கு வேளாண் வளர்ச்சி வழித்தடத்தின் அறிவிப்பு. தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியா எல்லை வரை, ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி, நாட்டின் பெருநிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உள்ளடக்கிய திட்டம் இது. உர நிறுவனமான யாரா, யூனிலீவர், சின்ஜெண்டா, மான்சான்டோ போன்றவை கூட்டாளிகள். 2030க்குள் 3,50,000 ஹெக்டேர் நிலம் லாபகரமான சாகுபடிக்கு வரும், 4,20,000 வேலைவாய்ப்புகள் உருவாகும், 20 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்று திட்ட ஆவணம் சொன்னது. பெரிய பண்ணையை நடுவில் வைத்து, அதைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளுக்கு அதன் பாசனம், கிட்டங்கி, ஆலை ஆகியவற்றின் பயன் போய்ச் சேரும் என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது கிலொம்பெரோ பள்ளத்தாக்கில் ம்ஙேடா என்ற இடத்தில் இருந்த 5,818 ஹெக்டேர் நெல் பண்ணை. அந்த நிலத்தின் வரலாறே ஒரு பாடம். 1980களில் வடகொரியாவும் தான்சானியாவும் சேர்ந்து அங்கே ஒரு கூட்டுப் பண்ணை நடத்தின. அது கைவிடப்பட்ட பிறகு மக்கள் குடியேறி உழுதார்கள். 2008இல் பிரிட்டன் சார்ந்த நிறுவனம் அரசு அமைப்பின் கூட்டோடு வந்தபோது, அந்த மக்களில் பலர் இடம்பெயர வேண்டியதாயிற்று. ஆவணத்தில் காலியாக இருந்த நிலம் மண்ணில் காலியாக இல்லை. மறுபக்கத்தில், அந்தப் பண்ணை சுற்றுப்புற விவசாயிகள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒற்றை நாற்று நடவைக் கற்றுக்கொடுத்தது என்பதையும், அதைக் கடைப்பிடித்தவர்கள் நல்ல மகசூல் கண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பண்ணையைக் கவிழ்த்தது சாகுபடி முறையன்று, அரசின் வணிகக் கொள்கை. 2013இல் நகரத்து அரிசி விலையைக் குறைக்கத் தான்சானியா சுங்க வரியில்லாமல் அரிசி இறக்குமதிக்கு இடம் கொடுத்தது; உள்நாட்டு விலை விழுந்தது. கடன் வாங்கி நெல் விதைத்த பெரிய பண்ணையும், பயிற்சிக்கும் இடுபொருளுக்கும் கடன்பட்டிருந்த சிறு விவசாயியும் ஒரே நாளில் அடி வாங்கினர். பண்ணை நிறுவனம் அந்தக் கடனிலிருந்து மீளவே இல்லை. 2011இலும் 2017இலும் மக்காச்சோள ஏற்றுமதிக்குப் போடப்பட்ட தடைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒரு கையால் முதலீட்டாளரை அழைத்த அரசு மறு கையால் விலையை அழுத்தியது. அந்த இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கட்டும் எந்த விதியும் கூட்டு ஒப்பந்தங்களில் இல்லை. 2015இல் ஜான் மகுஃபுலி அதிபர் பதவிக்கு வந்த பிறகு அரசின் ஆர்வமும் வேறு பக்கம் திரும்பியது.

மலாவித் திட்டத்தில் விலை அபாயம் கருவூலத்தின் மேல் இருந்தது. தான்சானியா வழித்தடத்தில் அது ஒப்பந்தத்தின்படி யார் மேலும் தெளிவாக எழுதப்படவில்லை. எழுதப்படாத நஷ்டம் கடைசியில் மிகப் பலவீனமானவரிடம் வந்து சேரும். முதலீட்டாளர் பண்ணையை மூடிவிட்டு வெளியேறலாம். கிலொம்பெரோ விவசாயிக்கு வெளியேற இடமில்லை.

கென்யாவின் தேயிலை ஏற்பாடு இவை இரண்டைக் காட்டிலும் பழையது. குடியேற்ற ஆட்சியின் கடைசி ஆண்டுகள் வரை தேயிலை வெள்ளையர் தோட்டங்களின் பயிராகவே இருந்தது. குடியேற்ற அரசு 1954இல் கொண்டுவந்த ஸ்வின்னர்டன் வேளாண் திட்டத்துக்குப் பிறகுதான் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளுக்கு வழி திறந்தது. 1964இல் உருவான கென்யத் தேயிலை வளர்ச்சி ஆணையம், நாற்று, பயிற்சி, கொழுந்து சேகரிப்பு, சாலை, தொழிற்சாலை ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியாகக் கோத்தது. முதலீடு காமன்வெல்த் வளர்ச்சிக் கழகத்திடமிருந்தும் உலக வங்கியிடமிருந்தும் வந்தது. தொழிற்சாலை நடத்தத் தெரிந்தவர்கள் அப்போது தனியார் கம்பெனிகளில்தான் இருந்தனர் என்பதால், புரூக் பாண்ட், ஜேம்ஸ் ஃபின்லே போன்றவை நிர்வாக முகவர்களாக அமர்த்தப்பட்டன. பிறகு படிப்படியாக ஆணையமே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அரசு-தனியார் கூட்டு என்ற சொல் நாகரிகமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்த இந்தக் கூட்டில், தனியாரின் வேலை வரையறுக்கப்பட்டது, அதற்கு ஒரு முடிவும் இருந்தது. தான்சானியா ஆவணங்களில் இல்லாத அம்சம் இதுதான்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தை விவசாயி அருகிலுள்ள சேகரிப்பு நிலையத்தில் எடை போட்டுக் கொடுக்கிறார். மாதந்தோறும் கிலோவுக்கு ஒரு முதல் தொகை. மொம்பாசா ஏலத்தில் தேயிலை விற்ற பிறகு, ஆண்டு முடிவில் "போனஸ்" என்று அழைக்கப்படும் இரண்டாவது தொகை. உரம் மொத்தமாக இறக்குமதி செய்யப்பட்டுக் கடனாகத் தரப்படுகிறது; பணம் கொழுந்து வருமானத்தில் பிடிக்கப்படுகிறது. பயிரை வாங்குவதும் கடனை வசூலிப்பதும் ஒரே இடத்தில் நடப்பதால், மலாவியைப் போல அரசு உரத்துக்கு அள்ளிக் கொடுக்கவும் வேண்டியதில்லை, கடனும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. 2000இல் ஆணையம் தனியார்மயமானபோது அதன் பங்குகள் வெளியாருக்குப் போகவில்லை. விவசாயிகளுக்குச் சொந்தமான தொழிற்சாலை நிறுவனங்களிடம் வந்தன. இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேல். நீலகிரியில் கொழுந்து விலைக்காக ஆண்டுதோறும் போராடும் சிறு விவசாயிகளின் நிலையை அறிந்தவர்களுக்கு, ஏலத்தில் கிடைத்த விலையின் பெரும்பகுதி விவசாயியிடமே திரும்புகிறது என்பது சாதாரணச் செய்தியாகத் தோன்றாது.

ஆனால் பங்குடைமை என்பது கட்டுப்பாடு ஆகிவிடாது. அதிபர் டேனியல் அராப் மோய் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் சாலைகள் பராமரிப்பின்றிப் போய், லாரி வராமல் கொழுந்து வாடி வீணாயிற்று, பணம் தாமதமானது, 1990களின் இறுதியில் விவசாயிகள் பறிப்பை நிறுத்திப் போராடினர். தனியார்மயத்துக்குப் பின்னும், மைய நிர்வாகமும் அதன் துணை நிறுவனங்களும் கொழுத்தன, தொழிற்சாலை இயக்குநர் தேர்தல்கள் செல்வாக்குள்ளவர்களின் கைக்குள் போயின என்ற புகார்கள் ஓயவில்லை. 2020 தேயிலைச் சட்டமும் 2021இன் தலையீடும் இதற்கு விடையாக வந்தன. அரசு புதிய தேர்தல்களை நடத்த வைத்ததுடன், மொம்பாசா ஏலத்தில் சிறு விவசாயிகளின் தேயிலைக்குக் கிலோவுக்கு 2.43 டாலர் என்று குறைந்தபட்ச விலையையும் விதித்தது. முதல் நடவடிக்கை தேவையானது. இரண்டாவது தவறு என்றே நான் கருதுகிறேன். கென்யத் தேயிலையை அதிகம் வாங்கும் பாகிஸ்தானும் எகிப்தும் வாங்க மறுத்தால் அந்த விலை காகிதத்தில் மட்டுமே இருக்கும். தரம் குறைந்ததென்று கருதப்பட்ட, குறிப்பாகப் பிளவுப் பள்ளத்தாக்குக்கு மேற்கே உள்ள தொழிற்சாலைகளின் தேயிலை கோடிக்கணக்கான கிலோ விற்காமல் கிடங்குகளில் தேங்கியது. மேற்கே உள்ள கெரிச்சோ விவசாயிக்குக் கிடைக்கும் போனஸ் கிழக்கே உள்ள கிரின்யாகா விவசாயிக்குக் கிடைப்பதைவிட வெகுவாகக் குறைவு என்ற கசப்பும் இன்றுவரை தீரவில்லை.

ஆக, கென்ய வழியில் விலை அபாயம் விவசாயியிடமே இருக்கிறது. ஆனால் விலை ஏறும்போது வரும் லாபமும் அவரிடமே வருகிறது. தான்சானியா வழித்தடத்தில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டிருந்தது. மழை அபாயத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2009இல் கென்யாவில் சின்ஜெண்டா அறக்கட்டளையும் யுஏபி காப்பீட்டு நிறுவனமும் சஃபாரிகாம் கைப்பேசி நிறுவனமும் தொடங்கிய "கிலிமோ சலாமா" என்ற மழைக் காப்பீட்டுத் திட்டம் இதில் கவனிக்கத்தக்கது. அருகிலுள்ள தானியங்கி வானிலை நிலையம் பதிவு செய்யும் மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், யாரும் வயலுக்கு வந்து பார்வையிடாமலே இழப்பீடு எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் கைப்பேசிக்கு வந்தது. நிலையத்தில் பெய்த மழை தன் வயலில் பெய்யாத விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அதன் நீங்காத குறை.

மூன்றில் எதைத் தேர்வது என்று கேட்டால், பயிரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பறித்த சில மணி நேரத்தில் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டிய தேயிலைக்கும், கறந்தவுடன் குளிரூட்ட வேண்டிய பாலுக்கும் கென்ய ஏற்பாடு பொருந்தும். விவசாயி வேறெங்கும் விற்க வழியில்லாததால் கடன் வசூலும் எளிது. மக்காச்சோளத்துக்கு அது பொருந்தாது. வீட்டிலேயே தின்னலாம், எந்தச் சந்தையிலும் விற்கலாம் என்னும்போது, கொடுத்த உரக்கடனை யாரிடம் போய் வாங்குவது? அங்கே மலாவி வகை மானியத்துக்கு மாற்றில்லை. ஆனால் அது சிறியதாக, உண்மையிலேயே வாங்க வழியில்லாதவர்களுக்கு மட்டும், பயறு வகைகளையும் மண்வளத்தையும் சேர்த்துக்கொண்டு, கிராமத்துக் கடைகளின் வழியாகப் போக வேண்டும். பெரிய பண்ணையை நடுவில் வைக்கும் வழித்தட வகையை நான் கடைசியில்தான் வைப்பேன். நிலத்தை முதலில் கேட்டு, பலனைப் பிறகு தருவதாகச் சொல்லும் வரிசையே அதில் தலைகீழானது.

ருவாண்டாவில் 2012இல் வுட் அறக்கட்டளையும் கேட்ஸ்பி அறக்கட்டளையும் முலிந்தி, ஷகாஷா தேயிலைத் தொழிற்சாலைகளின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியபோது, அவற்றைக் காலப்போக்கில் விவசாயிகளுக்கே மாற்றித் தருவது என்ற நோக்கத்தைத் தொடக்கத்திலேயே அறிவித்தன. வெளியார் பணமும் வெளியார் நிர்வாகமும் அதில் இருந்தும், அதை நான் தான்சானியா வழித்தடத்தோடு சேர்க்காமல் கென்யாவின் பக்கத்தில் வைப்பதற்கு அந்த ஓர் அறிவிப்பே காரணம்.