தெஞ்ஜி சந்தை மருந்துக் கடைகள்: காயாக வாங்குங்கள், பொடியாக வேண்டாம்

ரங்கூனில் நாட்டு மருந்துச் சரக்கு வாங்க எங்கே போவது என்று கேட்டால், யோசிக்காமல் தெஞ்ஜி சந்தையைச் சொல்லலாம். அனோரதா சாலைக்கும் மகாபந்தூலா சாலைக்கும் நடுவில் இருக்கிறது. 1871இல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்வது இதைத்தான். துணியும் பாத்திரமும் மற்றவர்கள் எழுதட்டும். வேரும் பட்டையும் காயும் மூட்டை மூட்டையாக வாய் திறந்து வைத்திருக்கும் கடைகளைப் பற்றி மட்டும் இங்கே.

சரக்கில் குறை சொல்ல முடியாது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதி நூலான வினய பிடகத்தில் மகாவக்கம் என்ற பகுதியில், நோயுற்ற பிக்குகள் வைத்துக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்த மருந்துகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. வேரில் மஞ்சள், இஞ்சி, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு. காயில் வாய்விடங்கம், திப்பிலி, மிளகு, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். இலையில் வேம்பும் துளசியும். படித்துப் பாருங்கள், நம் பாட்டிமார் மருந்துப் பெட்டியே அதுதான். இந்தக் கடைகளில் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும். பர்மியப் பெயர் தெரிந்தால் போதும்: கடுக்காய் 'பங்காதீ', நெல்லி 'ஸீப்யூதீ', தான்றி 'தித்செய்ன்தீ', திப்பிலி 'பெய்ச்சின்', வசம்பு 'லின்னே', மஞ்சள் 'நனுவின்'. 'தீ' என்று முடிந்தால் அது காய் அல்லது பழம்.

எடையில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். இங்கே கணக்கு வீசை. சொல் நம்முடையது, அளவு வேறு. பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. அதை நூறாகப் பிரித்தால் ஒரு சாத்தா, அதாவது 16.3 கிராம். '10 சாத்தா' என்று கேட்டால் 163 கிராம் கிடைக்கும். 100 கிராம் என்று நினைத்துக்கொண்டு கேட்டால், செய்முறை அளவும் தப்பும், காசும் கூடப் போகும். வீட்டில் கிராம் தராசு இருந்தால் கணக்கைக் கடையிலேயே கிராமுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே வாங்க வேண்டிய முதல் சரக்கு கடுக்காய். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பருமனுக்கு நல்ல கனமாக இருக்க வேண்டும். காதருகே ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஆடினால் பழசு. தண்ணீரில் போட்டால் நல்ல காய் அமிழும், பூச்சி தின்றது மிதக்கும். மேல்தோலில் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் அந்த மூட்டையையே விட்டுவிடுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள்: சுக்கில் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயில் கொட்டையை நீக்க வேண்டும். அரைத்து வைத்த பொடியில் கொட்டை நீக்கினார்களா என்று எப்படித் தெரியும்? காயாக வாங்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

திரிபலாவுக்குக் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம எடை. ஆனால் அந்தச் சம எடை கொட்டை எடுத்த பிறகு. முழுக் காயை நிறுத்து, பிறகு கொட்டையை எடுத்தால் விகிதம் கெட்டுவிடும், ஏனென்றால் மூன்றின் கொட்டையும் ஒரே எடை இல்லை. காயை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, அம்மியில் தட்டி உடைத்து, சதையை மட்டும் நிறுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், சூடேறினால் பொடி கட்டிபிடிக்கும். மெல்லிய துணியில் சலித்து, ஆறிய பிறகே கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். மே முதல் அக்டோபர் வரை ரங்கூன் மழையில் ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலே பூஞ்சை வந்துவிடும். சூரணத்துக்கு சித்த வைத்தியம் சொல்லும் ஆயுள் மூன்று மாதம். அதற்குள் தீரும் அளவுக்கே அரையுங்கள். இரவில் அரை டீஸ்பூன், வெந்நீரில். வயிறு இளகினால் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

திப்பிலியைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உடனே சுறுக்கென்று மரத்துப்போக வேண்டும். இல்லையென்றால் சரக்கு செத்துவிட்டது. மஞ்சளைக் கிழங்காக வாங்குங்கள். வசம்பை மேற்பூச்சுக்கு மட்டும் வாங்குங்கள், குழந்தைக்கு உரைத்து ஊட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது, அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் தடை செய்தது. அதிமதுரம் நன்றாகவே கிடைக்கிறது, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் தள்ளி நிற்க வேண்டும்.

பர்மியர்கள் உரைத்து முகத்தில் பூசும் தனாக்கா கட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அது நம்மூர் மகாவில்வம் என்று தெரியாது. ஷ்வேபோ, ஷின்மடௌங் என்று ஊர்ப்பெயர் சொல்லித்தான் விற்பார்கள். ஊரைவிடப் பட்டையைப் பாருங்கள். உரைப்பது பட்டையைத்தான், எனவே அது தடிமனாக இருக்க வேண்டும். விளாக் கட்டையும் இதே பெயரில் விற்பனைக்கு வரும். உரைகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, வட்டமாக ஒரு நிமிடம் தேய்த்தால் வெளிர்மஞ்சள் குழம்பும் சந்தனத்துக்கு நெருங்கிய வாசமும் வர வேண்டும். உரைத்துக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

டப்பாவில் வரும் பொடிகளுக்கு என் தீர்ப்பு கடுமையானது. 1996ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருந்துச் சட்டப்படி தயாரிப்புகளுக்குப் பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாத டப்பா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். குழந்தைகளுக்கான வயிற்றுப் பொடியில் இன்னும் கவனம் வேண்டும். 2009இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பர்மிய அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமானதை ஆராய்ந்தபோது, அப்படி ஒரு பொடியும் தனாக்காவும் அதோடு தொடர்புபட்டன. குழந்தையின் கன்னத்தில் தனாக்கா பூசினால் கை வாய்க்குப் போகும் முன் கழுவிவிடுங்கள்.

கடைக்காரர்களைப் பொறுத்தவரை ஆளுக்கு ஆள் மாறும். 'என்ன நோய், எத்தனை நாளாக, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டுவிட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே போங்கள். கேட்காமல் எல்லா நோய்க்கும் ஒரே பொட்டலத்தை நீட்டுபவரிடம் வேண்டாம். பிக்குகள் மருந்தை எடுக்கும்போது, வந்துவிட்ட வேதனையைத் தடுக்கும் அளவுக்கே இது என்று நினைத்து எடுக்கிறார்கள். தனக்கு ஏற்றதிலும் அளவு தெரியாதவரை, பணிவிடை செய்யக் கடினமான நோயாளி என்கிறது அதே மகாவக்கம். தினமும் நாலு சூரணம் விழுங்கினால் உடம்பு தேறும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைகளுக்குப் போகும்முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மடத்துக்கு தானமாகக் கொடுக்க வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம், கடைக்காரரும் பல நேரம் சொல்வதில்லை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஐந்தும் பிக்கு ஏழு நாள் மட்டுமே வைத்துக்கொள்ளும் மருந்துகள். சுக்கு, மஞ்சள், கடுக்காய் போன்றவற்றை நோய்க்காக ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம். ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால் குறைந்த காலக் கெடுதான் செல்லும். தேனும் நெய்யும் விட்டுக் கிளறிய லேகியம் ஒரு பெரிய ஜாடி கொடுத்தால், எட்டாம் நாள் அது அவருக்கு ஆகாது. அந்தக் காசுக்குத் தோல் சீவிய சுக்கு கால் வீசையும் கொட்டை நீக்கிய கடுக்காய் கால் வீசையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பெயரை பர்மியத்தில் எழுதிக் கொடுங்கள்.