வெறும் சிலுவையும் பாடுபட்ட சுரூபமும்

சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குள் போனால் பீடத்துக்கு மேலே பெரும்பாலும் வெறும் சிலுவைதான் இருக்கும். கத்தோலிக்கக் கோயிலில் அதே இடத்தில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உடலோடு கூடிய சிலுவை: ஆணி அறைந்த கைகள், சாய்ந்த தலை, அதற்கு மேலே ‘யூதரின் அரசன்’ என்ற பலகை. இரண்டும் ஒரே மரணத்தைத்தான் சொல்கின்றன. நிற்கும் நாள்தான் வேறு.

வெறும் சிலுவை, இயேசு உயிர்த்த ஞாயிற்றுக்கிழமையில் நிற்கிறது. உடலை இறக்கி அடக்கம் செய்தாயிற்று, கல்லறையும் காலி. உருவங்களை வணங்காதே என்ற கட்டளையையும் பல சீர்திருத்தச் சபைகள் காரணமாகச் சொல்லும். ஆனால் அவற்றைப் போலவே சீர்திருத்தத்தில் பிறந்த லூத்தரன் சபைகள் பலவற்றில் சுரூபம் அப்படியே நீடித்தது.

சுரூபம், அவர் இறந்த வெள்ளிக்கிழமையை விட்டு நகராது. அதுவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய சுரூபங்கள் பலவற்றில் இயேசு கண் திறந்து, வெற்றி வீரராக நிமிர்ந்து நிற்பார். ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தின் கெரோ சிலுவை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கண் மூடி, வயிறு தளர்ந்து, உயிர் போன உடலை ஆளுயரத்தில் பார்க்கலாம்.

பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று அந்தப் பாதத்தை முத்தி செய்வோம். எங்கள் கோயில் சுரூபத்தின் கால் பெருவிரலில் வண்ணம் தேய்ந்து மரமே தெரியும். அம்மா இறந்த வருடம் அந்த விரலில் உதடு பட்டபோது அழுதுவிட்டேன். உயிர்ப்பை முழுமனதோடு நம்புகிறவள் நான். ஆனாலும் அன்று வெறும் சிலுவை எனக்குப் போதவில்லை. வலி தெரிந்த ஒரு முகம் வேண்டியிருந்தது.

அப்புறம் அம்மாவின் கல்லறையில் எதை வைக்கலாம் என்று அண்ணன் கேட்டார். யோசிக்காமல் வெறும் சிலுவை என்றேன்.