கதீட்டரிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லும் பெல்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

பதினெட்டாயிரம் போய்விட்டது. அதைவிட, அப்பாவைக் குளிர்காய்ச்சலில் நடுங்க வைத்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு, பல மாதங்களாக அப்பாவுக்குக் கதீட்டர்தான், அதாவது சிறுநீர்ப்பைக்குள் செருகி, சிறுநீரை வெளியே ஒரு பையில் இறக்கும் குழாய். பழையபடி தானாகச் சிறுநீர் போகாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். மருத்துவக் கருவிகள் விற்கும் இணையதளம் ஒன்றுக்கு அந்த ஏக்கம் போதுமானதாக இருந்தது. அடிவயிற்றில் கட்டும் மின்தூண்டல் பெல்ட், கூடவே பயிற்சி, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். பலனில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வருமாம்.

வீடியோ அழைப்பில் வெள்ளைக் கோட்டோடு வந்தவர் என்னிடம் பேசவில்லை. அப்பாவைத் திரையருகே வரச் சொல்லி, "ஐயா, புரண்டு படுத்தால் குழாய் இழுக்கிறதா? வெளியே போகும்போது பையை வேட்டிக்குள் மறைக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்பா கண் கலங்கிவிட்டார். அந்த நிமிடமே பணம் அனுப்பினேன்.

குழாயைக் கிளிப்பால் மணிக்கணக்கில் மூடி வைக்க வேண்டும், இடுப்புத்தளத் தசைகளை இறுக்க வேண்டும், பயிற்சி அவ்வளவுதான். அடிவயிறு கல்லாக உப்பியது, குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்தது, இரவில் உடம்பு தூக்கிப் போட்டது. பதறிப்போய் அவர்களை அழைத்தால், "நல்ல அறிகுறி, சிறுநீர்ப்பை விழித்துக்கொள்கிறது" என்றார்கள்!

அது நோய்த்தொற்று. மருத்துவமனையில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இடுப்புத்தளத் தசை சிறுநீரை அடக்கத்தான் உதவும், வெளியேற்றுவது சிறுநீர்ப்பைச் சுவரின் தசை. வழியில் அடைப்பு இருக்கும்போது பெல்ட் கட்டி என்ன பயன்? இப்போது அடைப்பைத் தளர்த்தும் மாத்திரை தருகிறார்கள். தொற்று தீர்ந்ததும் அங்கேயே குழாயை எடுத்து, சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மீதம் தங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்களாம். சரியாகப் போகாவிட்டால், தேவைப்படும் நேரத்தில் மட்டும் மெல்லிய குழாய் செருகி எடுக்கும் முறையும் இருக்கிறதாம். இதில் ஒன்றைக்கூட அந்த வெள்ளைக் கோட்டு சொல்லவில்லை.

பணத்தைக் கேட்டால் முதலில் "பயிற்சியை முழுமையாக முடிக்கவில்லையே" என்றார்கள். பிறகு, பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். கடைசியில், "அவர் ஆலோசகர்தான், மருத்துவர் என்று நாங்கள் சொல்லவே இல்லையே" என்றார்கள். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். பதினெட்டாயிரம்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். அப்பாவுக்கு மருந்து நேரமாகிவிட்டது. டாக்டர் சொல்லாமல் குழாயை மூடாதீர்கள். குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள உள்ளே பலூன் இருக்கிறது, நீங்களாக இழுத்துவிடாதீர்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், பையில் சிறுநீர் இறங்காமல் நின்றால், விற்றவனுக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.