மோதெனாவில் 190 யூரோ போச்சு: பால்சாமிக் வினிகர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

190 யூரோ. இரண்டு பாட்டில் பால்சாமிக் வினிகருக்கு, அதாவது திராட்சைச் சாற்றில் செய்கிற இத்தாலிய வினிகருக்கு. நம்ம பணத்தில் பத்தொன்பதாயிரத்துக்கு மேல். ஊர் திரும்பி இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸுக்கெல்லாம் எனக்குத் தெம்பு கிடையாது. சுற்றுலாக்காரர்களுக்கு உணவுப்பொருள் விற்கிற சின்னக் கடை, அவ்வளவுதான். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இத்தாலியின் போலோன்யாவில் தங்கியிருந்தோம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் மோதெனா. சனிக்கிழமை காலை நானும் இவரும் கிளம்பினோம். 1099-ல் கட்டத் தொடங்கிய பேராலயத்தையும், பக்கத்தில் லேசாகச் சாய்ந்து நிற்கிற 86 மீட்டர் கிர்லாந்தினா கோபுரத்தையும் பார்த்தோம். சதுக்கத்தில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. அந்தக் காலத்தில் கடன் திருப்பித் தராதவர்களை அதன்மேல் வைத்து ஊர்பார்க்க அவமானப்படுத்துவார்களாம். இவர் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

அப்புறம் அல்பினெல்லி சந்தை. 1931-ல் திறந்தது, இரும்புக் கூரை, நடுவில் கூடை ஏந்திய பெண் சிலையோடு ஒரு நீரூற்று. சந்தையை ஒட்டி ஓரிடத்தில் ஞொக்கோ ஃபிரிட்டோ சாப்பிட்டோம். நம்ம பூரியைச் சதுரமாக வெட்டிப் பொரித்த மாதிரி உப்பி வந்தது. பன்றிக்கொழுப்பில் பொரிப்பது வழக்கம் என்பதால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். மதியம் சூப்பில் மிதக்கிற டோர்டெல்லினி, உள்ளே பூரணம் வைத்த குட்டி பாஸ்தா, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டும் அன்றைய சாப்பாட்டுச் செலவு ஐம்பது யூரோவைத் தொடவில்லை. நல்ல நாள். அதோடு ரயில் ஏறியிருக்க வேண்டும்.

நான்தான் கடைக்குள் இழுத்தேன். இவர் வாசலிலேயே, "வேணாம்மா, ஃப்ளைட்ல உடைஞ்சிடும்" என்றார். உள்ளே எங்க அப்பா வயதில் ஒருவர். விற்கிற அவசரமே இல்லை. பார்மிஜானோ சீஸை உளியால் உடைக்கிற மாதிரி ஒரு துண்டு உடைத்தார். குண்டு வயிறு போன்ற குட்டி பாட்டிலிலிருந்து பீங்கான் கரண்டியில் ஒரு சொட்டு. அது ஒழுகவில்லை, கரண்டியைச் சாய்த்தால் யோசித்து யோசித்து நகர்கிறது. புளிப்பு, இனிப்பு, லேசாகப் புகை வாசம். கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். நாக்கு உடனே அடையாளம் கண்டுகொண்டது.

அவர் கதை சொன்னார். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைத்த பீப்பாய்களில், வீட்டுப் பரணில் வருஷக்கணக்காக மாற்றி மாற்றி ஊற்றி வைப்பார்களாம். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு மரம். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை தொடங்கி, கல்யாணத்தில் சீராகக் கொடுப்பது பழைய வழக்கமாம். "என் மகளுக்கும் வைத்தேன்" என்றார். சீர் என்றதும் நான் விழுந்துவிட்டேன். இதெல்லாம் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை.

"இருபத்தைந்து வருஷம்" என்று விரலால் 25 எழுதிக் காட்டினார். ஒன்று 95 யூரோ. எங்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. உடையாமல் இருக்க அவரே கீழே குனிந்து எடுத்து, குமிழ்த் தாள் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டித் தந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்தக் கையை நம்பினேன்.

ராத்திரி அறையில் எடை சரிபார்க்க ஒன்றைப் பிரித்தேன். உயரமான சதுர பாட்டில். குண்டு பாட்டில் இல்லை! பெரிதாக "25" என்று இருக்கிறது, வருஷம் என்ற சொல் எங்கேயும் இல்லை. பின்னால் பொடி எழுத்தில் வைன் வினிகர், திராட்சைச் சாறு, நிறத்துக்குக் காரமெல் (கருக்கிய சர்க்கரை). அசலில் காய்ச்சிய திராட்சைச் சாறு தவிர வேறு எதுவும் இருக்காது. பில்லை எடுத்துப் பார்த்தால் "கொண்டிமெந்தோ, 2". அதாவது வெறும் சுவைகூட்டி. பில் மட்டும் உண்மை பேசியிருக்கிறது.

ஞாயிறு மறுபடி டிக்கெட் எடுத்துப் போனோம், ஷட்டர் மூடியிருந்தது. திங்கள் விமானம். வாட்ஸப்பில் கேட்டால் முதலில் "அதே குடும்பத் தயாரிப்புதான் மேடம்". 25 என்றால் என்ன என்றேன். "அது ரெசிப்பி பெயர்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உணவுப்பொருள், திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். 14 நாளில் திருப்பலாம் என்று ஐரோப்பாவில் இருக்கும் விதி ஆன்லைனில் வாங்கியதற்குத்தானாம், கடையில் நின்று வாங்கியதற்கு இல்லை. வங்கியில் கேட்டால், பின் நம்பர் நீங்களே போட்டீர்கள், பில்லில் உள்ள பொருள்தான் வந்திருக்கிறது என்கிறார்கள். 190 யூரோவுக்கு இவ்வளவு பதில்! நேற்றிலிருந்து நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேனே. மோதெனாவின் அசல் "திராதிசியோனாலே" (பாரம்பரிய வகை) 100 மில்லி குண்டு பாட்டிலில் மட்டும்தான் வரும். ஜுஜாரோ என்ற கார் வடிவமைப்பாளர் வரைந்தது, எல்லாத் தயாரிப்பாளருக்கும் அதே பாட்டில். எண் போட்ட முத்திரை இருக்கும். குறைந்தது 12 வருஷம் பீப்பாயில் இருந்ததாக இருக்கும். 25 தாண்டியது என்றால் "எக்ஸ்ட்ராவெக்கியோ" (மிகப் பழையது) என்று எழுதியிருக்கும், இலக்கத்தை நம்பாதீர்கள். ருசி பார்த்த பாட்டிலையே கேளுங்கள், கட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள், பில்லை அங்கேயே படியுங்கள். இன்னும் எழுத இருந்தது, முடியவில்லை.

நேற்று இவர் ஒன்றைத் திறந்து தக்காளி வெங்காயத்தில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "மோசமில்லையே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாங்கியது இன்னும் ரிப்பனோடு அப்படியே இருக்கிறது.