‘ஹீட்’ 4கே வட்டு: ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள்

மைக்கேல் மான் இயக்கிய ‘ஹீட்’ 1995இல் வந்த படம். அதன் 4கே வட்டு, அதாவது ப்ளூரேயைவிடக் கூர்மையான படத்தைத் தரும் வட்டு, 2022இல் வெளியானது. குற்றப் படங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அல் பசினோவும் ராபர்ட் டி நீரோவும் நடித்த படம் என்றுதான் ஊரே இதைப் புகழ்கிறது. புகழட்டும், தகும். ஆனால் இந்த வட்டை வாங்குவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் ஒலி.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: லாஸ் ஏஞ்சல்ஸில் நீல் மெக்காலி (டி நீரோ) என்ற கைதேர்ந்த கொள்ளைக்காரன், அவனைத் துரத்தும் வின்சென்ட் ஹானா (பசினோ) என்ற போலீஸ் அதிகாரி. 170 நிமிடம் ஓடுகிறது. எந்த இடத்திலும் நீளமாகத் தோன்றியதில்லை.

வங்கிக் கொள்ளைக்கு வருகிறேன். உள்ளே கொள்ளை நடக்கும்வரை பிரையன் ஈனோவின் இசை ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கிறது. தெருவில் முதல் குண்டு வெடித்ததும் இசை இல்லை. அதன் பிறகு துப்பாக்கிகள் மட்டும்தான். பொதுவாக இத்தகைய காட்சிகளுக்குத் துப்பாக்கிச் சத்தத்தை ஸ்டுடியோவில் பிறகு சேர்ப்பார்கள். மான் அப்படிச் செய்யவில்லை. படப்பிடிப்பின்போது தெருவிலேயே பதிவான வெற்றுத் தோட்டாக்களின் (குண்டு இல்லாமல் வெடி மட்டும் கொண்டவை) சத்தத்தை வைத்துக்கொண்டார். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது மோதித் திரும்பும் எதிரொலியை எந்த ஸ்டுடியோவும் செய்து தர முடியாது என்பது கேட்டால் புரியும். ஒரு வெடி முன்னால் கேட்கிறது, அது போய் எதிர்ச் சுவரில் அறைந்து உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து திரும்பி வருகிறது. பின்பக்க ஒலிபெருக்கிகள் இருந்தால் இதற்காகவே ஒரு முறை தூசி தட்டுங்கள்.

அந்தத் தெருவில், டி நீரோவின் கூட்டாளியாக வரும் வால் கில்மரை மட்டும் கவனித்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். தோட்டா தீர்கிறது, மேகசினை (தோட்டாக் கூட்டை) மாற்றுகிறார், மறுபடி சுடுகிறார். கையில் தடுமாற்றமே இல்லை, முகத்தில் நடிப்பே தெரியவில்லை. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்பு அதிரடிப் படையில் இருந்த ஆண்டி மெக்நாப் இந்த நடிகர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர். பயிற்சி வீண் போகவில்லை. கில்மர் 2025இல் மறைந்தார். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

பெரிய சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மானுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். கதையையே சின்னச் சின்ன ஓசைகளால் நகர்த்துகிறவர் அவர். இரவில் ஒரு கொள்ளை; போலீஸ் படை மூடிய வாகனத்துக்குள் மூச்சடக்கிக் காத்திருக்கிறது. உள்ளே ஒருவர் அசைய, உலோகத்தில் ஏதோ இடித்து ‘டொக்’ என்கிறது. வெளியே காவலுக்கு நிற்கும் டி நீரோவின் தலை மெல்லத் திரும்புகிறது. அவ்வளவுதான், பாதியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு நடையைக் கட்டிவிடுகிறார். தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் பார்த்த காலத்தில் அந்த ‘டொக்’ எனக்குச் சரியாகக் கேட்டதே இல்லை. இப்போது அது கேட்டவுடன் எனக்கே முதுகு நிமிர்கிறது.

ஓசையே இல்லாமல் ஒரு காட்சியும் உண்டு. மாடத்தில் நிற்கும் ஆஷ்லி ஜட், கீழே வந்து நிற்கும் கணவன் கில்மரைப் பார்க்கிறார். வீட்டுக்குள் போலீஸ் இருக்கிறது. போய்விடு என்று கையை இலேசாக அசைக்கிறார். ஒரு சொல் கிடையாது. இந்தப் படத்தில் காதல் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அந்தக் கையசைவைச் சொல்வேன். ஆண்களின் படம் என்று இதை ஒதுக்குபவர்கள் அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

பசினோவும் டி நீரோவும் காபி குடிக்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் (1974) இருவரும் இருந்தும் ஒரே காட்சியில் சந்திக்கவில்லை; இங்கேதான் முதன்முதலாக நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஒத்திகை பார்க்காமல், இருவர் தோளுக்குப் பின்னாலும் ஒரே சமயத்தில் கேமரா ஓட எடுத்திருக்கிறார்கள். அதனால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் காட்டும் முகம் அந்தக் கணத்தில் வந்த முகமாகவே இருக்கிறது. இதற்கு வேர் நிஜத்தில் இருக்கிறது. சிகாகோவில் சக் ஆடம்சன் என்ற போலீஸ் அதிகாரி, தான் தேடிக்கொண்டிருந்த நீல் மெக்காலி என்ற கொள்ளைக்காரனோடு 1963இல் காபி குடித்தார். அடுத்த ஆண்டே அவனைச் சுட்டுக் கொன்றார். மான் இந்தக் கதையை 1989இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகவும் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

இனி படத்தின் தோற்றம். மானின் மேற்பார்வையில் 2017 ப்ளூரேக்காகச் செப்பனிடப்பட்ட பிரதியிலிருந்துதான் இதுவும் வருகிறது. அதற்கும் முந்தைய ப்ளூரேயில் பழகிய கண்ணுக்கு இருட்டாகத் தோன்றும், பகல் காட்சிகளில் முகங்கள்கூடச் சற்று மங்கல்தான். அங்கே எனக்கும் நிறைவில்லை. ஆனால் இரவு வந்துவிட்டால் டான்டே ஸ்பினோட்டியின் ஒளிப்பதிவு என்ன என்பது தெரிகிறது. டி நீரோ கடலோர வீட்டுக்குத் திரும்பி, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் கடலைப் பார்த்து நிற்கும் சட்டகம் அலெக்ஸ் கோல்வில்லின் ‘பசிபிக்’ (1967) என்ற ஓவியத்தை ஒட்டி அமைந்தது. அந்த நீலத்துக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன என்று இந்த வட்டில்தான் பார்த்தேன்.

ஒலித்தடம் 5.1தான் (சுற்றிலும் ஐந்து ஒலிபெருக்கி, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று); தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வசனம் தாழ்வாகவும் வெடி உரக்கவும் இருக்கிறதே என்று குறைப்பட்டு உரத்ததைக் குறைத்து மெல்லியதைக் கூட்டும் இரவுநேர ஒலியமைப்பைப் போட்டுவிடாதீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் படம். கூடுதல் அம்சங்களில் 4கே பதிப்புக்கென்று புதிதாக ஏதும் இல்லை. மான் தனியாகப் பேசும் விளக்கவுரை மட்டும் கட்டாயம் கேட்க வேண்டியது.

2017 ப்ளூரே வைத்திருந்து, திரையும் சிறியதென்றால் அவசரப்பட வேண்டாம், அதுவே போதும். முந்தைய டிவிடியோடு இருப்பவர்கள் தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், புதிய தொலைக்காட்சிக்கு முன் நல்ல ஒலிபெருக்கிகளை வாங்குங்கள்.