பழைய கம்ப்யூட்டரில் புது ஹார்ட் டிஸ்க்: எம்பிஆரா, ஜிபிடியா?

கோர் 2 டுவோ காலத்து சிபியு, விண்டோஸ் 7, உள்ளே புதிதாக மாட்டிய 1 டிபி டிஸ்க். பயாஸில் அதன் பெயர் தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் ஐகானைத் திறந்தால் டிஸ்க்கைக் காணோம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அதே ஐகானில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட் போனால், கறுப்புப் பட்டையோடு காத்திருக்கும். உடனே எம்பிஆரா ஜிபிடியா என்று ஒரு கேள்வியும் வரும். டிஸ்க்கை எத்தனை பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்திருக்கிறது என்ற அட்டவணையை எழுதி வைக்கும் இரண்டு முறைகள் இவை; எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது.

புதியதுதானே நல்லது என்று நானும் ஒருமுறை ஜிபிடி கொடுத்துவிட்டு, விண்டோஸையும் அதிலேயே ஏற்றலாம் என்று டிவிடியைப் போட்டேன். பார்ட்டிஷன் பட்டியல் வரை வந்து, இது ஜிபிடி டிஸ்க், இதில் நிறுவ முடியாது என்று கையை விரித்துவிட்டது. விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக, பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ வேண்டும், அந்தக் காலத்து போர்டுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது வெறும் பயாஸ். ஷிஃப்ட் எஃப்10 அடித்து, டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் கிளீன் கொடுத்து அட்டவணையை அழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். கிளீன் கொடுக்கும் முன், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் அளவை இரண்டு தடவை பாருங்கள், டிஸ்க் எண் மாறினால் பழைய டிஸ்க்கில் உள்ள போட்டோவெல்லாம் போச்சு.

அதனால் ஓஎஸ் போடும் டிஸ்க் என்றால் எம்பிஆர்தான். அதன் குறை அளவுதான்: செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) எண்ணை 32 பிட்டில் எழுதுவதால், 512 பைட் செக்டார் கணக்கில் 2 டிபியோடு நின்றுவிடும், 3 டிபி டிஸ்க் மாட்டினால் மிச்சம் சும்மா கிடக்கும். பிரைமரி பார்ட்டிஷனும் நாலுதான். படம், பாட்டு, பேக்கப் மட்டும் வைக்கும் பெரிய டிஸ்க் என்றால் ஜிபிடி கொடுங்கள், டேட்டா டிஸ்க்காக விண்டோஸ் 7 தாராளமாகப் படிக்கும். ஜிபிடியில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும், எம்பிஆரில் அந்த வசதி இல்லை.

இன்னும் எக்ஸ்பி ஓட்டுபவர் என்றால் கதையே வேறு. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. எம்பிஆர் கொடுத்தாலும் பார்ட்டிஷனை எக்ஸ்பியில் போடாதீர்கள், அது 63-ஆம் செக்டாரில் தொடங்கும், உள்ளே 4கே (4096 பைட்) செக்டார் உள்ள இப்போதைய டிஸ்க்குகளில் அது செக்டார் எல்லையோடு பொருந்தாமல் எழுதும் வேகம் படுத்துவிடும். விண்டோஸ் 7-இலோ, பார்ட்டிஷன் போடும் இலவச மென்பொருளான ஜிபார்ட்டட் சிடியிலோ போட்டால் 1 எம்பி தள்ளித் தொடங்கும், இந்தச் சிக்கல் வராது.

பார்ட்டிஷனுக்குள் ஃபைல்களை அடுக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்துக்கு யோசிக்கவே வேண்டாம், என்டிஎஃப்எஸ். ஃபேட்32-வில் 4 ஜிபி ஃபைல்கூட ஏறாது.

கடைசியாக, குவிக் ஃபார்மட்டா ஃபுல்லா? குவிக் சில நொடி வேலை, ஆனால் டிஸ்க்கைச் சோதிக்காது. விஸ்டாவிலிருந்து ஃபுல் ஃபார்மட் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதிப் பார்க்கிறது, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். புது டிஸ்க்குக்கு நான் ஃபுல்தான் கொடுப்பேன், பழுது இருந்தால் கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும், யுபிஎஸ் மட்டும் இருக்கட்டும்.