ரக்பி முன்னோட்ட நிகழ்ச்சி: அலசல் அருமை, சேவை சுமார்

நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதவிருக்கும் ரக்பி டெஸ்ட் ஆட்டத்தை (தேசிய அணிகளுக்கிடையிலான ஆட்டம்) முன்னிட்டு, நான் சந்தா செலுத்தும் இணைய ஒளிபரப்புச் சேவை வெளியிட்ட முன்னோட்ட நிகழ்ச்சியை முழுமையாகப் பார்த்தேன். இரு அணி ரசிகர்களையும் எதிரெதிரே அமரவைத்துப் பேசவிட்ட பகுதிதான் இதன் உயிர். 2025 செப்டம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் நியூசிலாந்து 24-17 என வென்றதை ஒருவர் பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள், அடுத்த வாரமே வெலிங்டனில் 43-10 எனத் தென்னாப்பிரிக்கா திருப்பிக் கொடுத்ததை மற்றவர் நினைவூட்டினார். முதலாமவர் முகம் சுருங்கியதைக் கேமரா தவறவிடவில்லை.

மாற்று வீரர்கள் 8 பேரில் 7 பேரை முன்கள வீரர்களாக வைத்துக்கொள்ளும் தென்னாப்பிரிக்க உத்தியைப் பற்றிய விவாதமும் ஆழமாக இருந்தது. 2023 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் அதே உத்தியுடன் 12-11 என வென்ற அணிதான் அது என்றாலும், பின்கள வீரர்கள் இருவர் காயமடைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதன் ரசிகர்களிடமே தெளிவான பதில் இல்லை. இரு அணி முன்கள வீரர்களும் தோள்கோத்துக் குனிந்து ஒருவரையொருவர் தள்ளும் ‘ஸ்க்ரம்’ காட்சியொன்றில் 3ஆம் எண் வீரரின் கால் பின்னோக்கி வழுக்கும் கணத்தில் படத்தை நிறுத்தி, தள்ளுவிசை எங்கே உடைகிறது என்று விளக்கிய விதம், எனக்குப் பல ஆண்டுகளாகப் புரியாதிருந்த ஒன்றைப் புரியவைத்தது.

குறை, சேவையில்தான். அந்த விளக்கத்தின் நடுவிலேயே படம் இருமுறை உறைந்தது. வசன வரிகளோ பேச்சுக்கு வெகுநேரம் பின்னால் வந்தன. புகார் அனுப்பினேன், தானியங்கிப் பதில் மட்டும் உடனே வந்தது. ஆட்டத்தன்றும் இதே நிலை நீடித்தால் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டேன்.